சிற்பாசாரியரும் நம் மாணாக்கரும்

தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டியவர் யார் என்று நம் மாணாக்கரிடம் வினவுவோமாயின், முதலாம் இராசராச சோழன் என்னும் விடை உடனே வரும். பரீட்சைத் தாளில் அவ்விடைக்கு முழுப் புள்ளியும் கிடைக்கும். ஆயினும் அது பாதி உண்மையே. கோயிலை எடுப்பித்தவன் அரசன், கட்டியவர் வேறு. பொருளும் ஆணையும் அரசனுடையவை. கல்லின் கனத்தைக் கணித்து, நிலத்தின் உறுதியை அறிந்து, நூல் பிடித்து, சுவர் எழுப்பி, சிகரத்தை வானிலே நிறுத்திய அறிவோ இன்னொருவருடையது. அந்த இன்னொருவரின் பெயரைத் தஞ்சைக் கோயிற் கல்வெட்டே நமக்குத் தருகின்றது. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்பது அப்பெயர். அரசன் தன் பெயரையே பட்டமாக அவருக்கு அளித்தான் என்றால், அவர் பெற்றிருந்த மதிப்பு எத்தகையது என்பதை நாம் உணர்ந்து கொள்ளலாம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கல்லிலே பொறிக்கப்பட்ட அப்பெயர் நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இடம்பெறாமற் போனது ஏன்? இக்கேள்வியே இக்கட்டுரையின் தோற்றுவாய். அரசர் வரிசையை மனனஞ் செய்விக்கின்றோம். போர்களின் ஆண்டுகளைக் கேட்கின்றோம். கட்டியவரைப் பற்றியும், அவர் எவ்வாறு கற்றார் என்பது பற்றியும், கட்டடத்தை எவ்வாறு பார்த்தல் வேண்டும் என்பது பற்றியும் ஒரு சொல்லேனும் சொல்வதில்லை. இக்குறையாற் புலமை மட்டுமன்றி நம் கோயில்களே நட்டமடைகின்றன என்பதை இங்கே எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

பெருந்தச்சர் செய்த வேலை

முதற்கண் தஞ்சைக்கே செல்வோம். இராசராசன் தனது 25ஆம் ஆட்சியாண்டிலே, அஃதாவது கி.பி. 1010ஆம் ஆண்டில், விமானத்தின் உச்சிக்குரிய செப்புக் குடத்தை அளித்தான் என்பது கல்வெட்டுச் செய்தி. ஏறத்தாழ 200 அடிக்கு மேல் உயர்ந்து 13 நிலைகளோடு நிற்கும் அவ்விமானம், வெளியிலிருந்து பார்ப்போர்க்கு ஒரே கற்குன்று போலத் தோன்றும். உண்மையில் அதன் உட்புறம் வெறுமையானது. கருவறையைச் சூழ இரண்டு சுவர்களும் அவற்றிடையே ஒரு நடைவழியும் உள்ளன. மேலே செல்லச் செல்லக் கற்கள் வரிசைக்கு வரிசை உள்நோக்கி ஒதுங்கி, இறுதியில் எண்பட்டைச் சிகரத்தைத் தாங்குகின்றன. இத்தகைய பாரத்தை எங்கே இறக்குவது, எத்துணை அகலமான அடித்தளம் அதற்கு வேண்டும் என்பதைக் குஞ்சரமல்லர் முன்னரே கணித்திருத்தல் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாக அவ்விமானம் நிலைத்து நிற்பது அக்கணக்குக்குக் கிடைத்த சான்றிதழ்.

ஆனால் நாமோ கணக்கை விட்டுவிட்டுக் கதையைப் பற்றிக் கொண்டோம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றோம். வெயிலிலே அங்கு நின்று பார்த்தவர் எவரும் அந்நிழலைக் காணலாம். சிகரம் 80 தொன் எடையுள்ள ஒரே கல் என்றுஞ் சொல்லுகின்றோம். அது பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டது என்று ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். பொய்யான அற்புதங்களைச் சொல்லி வியக்க வைப்பது கட்டியவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. கல்லைக் கல்லோடு பொருத்திய கைத்திறனும், பாரத்தைப் பகுத்துணர்ந்த அறிவுமே உண்மையான அற்புதம்.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. அவ்விமானத்தின் மேல்நிலை நடைவழியிலே பரத நாட்டியத்தின் 108 கரணங்களையும் செதுக்கத் தொடங்கினர். 81 கரணங்கள் முடிந்தன. எஞ்சிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. வேலை ஏன் நின்றதென்று ஆராய்வது ஒருபுறமிருக்க, அவ்வெற்றுக் கற்கள் மாணாக்கனுக்கு ஓர் அரிய பாடத்தைப் புகட்டுகின்றன. சுவரிலே கல்லை வைத்த பின்னரே சிற்பி உளியை எடுத்தான் என்பதை அவை நேரிற் காட்டுகின்றன. முடிந்த சிற்பம் சிற்பியின் அழகுணர்வைச் சொல்லும். முடியாத கல்லோ அவன் வேலை செய்த முறையைச் சொல்லும்.

நூல் பிடிக்கும் மாணாக்கன்

இவர்கள் எங்கே கற்றார்கள்? அந்நாளிற் கல்லூரியும் பட்டமும் இல்லை. எனினும் முறையான கல்வி இருந்தது. மயமதம், மானசாரம், காசியபம் முதலிய சிற்ப நூல்கள் ஏட்டிலே வழங்கின. மயமதம் கட்டட வேலைக்கு நால்வர் வேண்டும் என்று வகுத்துரைக்கின்றது. முதல்வர் ஸ்தபதி, திட்டம் முழுவதும் அவர் பொறுப்பு. அடுத்தவர் சூத்திரகிராகி, நூல் பிடித்து அளவிடுபவர். மூன்றாமவர் தட்சகர், கல்லையும் மரத்தையும் வெட்டிச் செதுக்குபவர். நான்காமவர் வர்த்தகி, செதுக்கியவற்றைப் பொருத்தி நிறுத்துபவர். இவர்களுள் சூத்திரகிராகி என்பவர் ஸ்தபதியின் மகனாகவோ மாணாக்கராகவோ இருப்பர் என்று அந்நூல் கூறுவது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. மாணாக்கனின் கையிலே முதன்முதல் கொடுக்கப்பட்ட பொறுப்பு அளவு நூல்! அளக்கக் கற்றபின்னரே ஆக்கும் உரிமை வந்தது.

அளவு முறையும் நுட்பமானது. 8 யவம் ஓர் அங்குலம். 24 அங்குலம் ஒரு முழம். கோயிலின் ஒவ்வோர் உறுப்பும் மற்றோர் உறுப்பின் பங்காகவே கணிக்கப்படும். கருவறையின் அகலம் தெரிந்தால் சுவரின் கனமும், தூணின் உயரமும், சிகரத்தின் அளவும் அதனின்று பெறப்படும். விமானத்தை ஓர் உடலாகவே அவர்கள் கண்டனர். அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கண்டம், சிகரம், ஸ்தூபி என அதற்கு ஆறு அங்கங்கள். அடி, கால், தோள், கழுத்து, தலை, முடி என்று சொன்னால் சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

நூலிலே சுலோகமாகவும் கையிலே தொழிலாகவும் இக்கல்வி ஒருங்கே வளர்ந்தது. தந்தையின் பட்டடையே பள்ளிக்கூடம். கொழும்பிலே 1877ஆம் ஆண்டிற் பிறந்து, உலகம் போற்றும் கலையறிஞராக விளங்கிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள், 1909ஆம் ஆண்டில் இந்தியக் கைவினைஞரைப் பற்றி எழுதிய நூலில் இம்முறையின் சிறப்பை ஆங்கிலமறிந்த உலகுக்கு எடுத்துரைத்தார். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலும் நம் நாட்டுக் கைவினைஞரின் பட்டடைகளிலே கண்டறிந்தவற்றைக் கொண்டெழுந்ததே. நம்மிற் பலர் அவருடைய நடராச தத்துவ விளக்கத்தைப் போற்றுகின்றோம். கைவினைஞருக்காக அவர் வாதாடியதை மறந்துவிட்டோம்.

இக்கல்வியிற் குறையும் இருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. அது ஒரு குலத்தின் வேலிக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. வேலிக்கு வெளியே இருந்தவர் கற்க முடியவில்லை. உள்ளே இருந்தவரோ, கற்றிருந்தும் கற்றோர் வரிசையில் வைத்து எண்ணப்படவில்லை. ஏடு படித்தவனைப் பண்டிதன் என்றும், உளி பிடித்தவனைத் தொழிலாளி என்றும் பிரித்து வைத்த நம் சமூகம், தன் கோயில்களைக் கட்டிய கணித அறிஞரின் பெயரைக் கேட்டறியாமலே விட்டது.

சங்கிலி அறுந்த கதை

ஈழநாட்டிலே இச்சங்கிலி வாளினால் அறுக்கப்பட்டது. 1621ஆம் ஆண்டிலே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுள் திருக்கோணேச்சரமும் அழிக்கப்பட்டு, அதன் கற்கள் திருக்கோணமலைக் கோட்டைக்குச் சென்றன. மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்துக்கும் அதே கதி நேர்ந்தது. கோயில் அழிந்தபோது கல் மாத்திரம் அழியவில்லை. கோயிலைக் கட்டுவோர்க்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலை இல்லாதபோது மகனுக்கு நூல் பிடிக்கக் கற்பிக்கும் தேவையும் இல்லாமற் போயிற்று. ஒரு தலைமுறை கற்பிக்கத் தவறினாற் போதும். அடுத்த தலைமுறைக்குக் கேட்டறிய ஆளிராது.

ஒல்லாந்தர் ஆட்சியில் 1734ஆம் ஆண்டளவிலே நல்லூரிற் கோயில் மீண்டும் எழுந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் பெரும்பாலானவை அவ்வாட்சியின் பிற்பகுதியிலும் ஆங்கிலேயர் காலத்திலும் சுண்ணக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பெற்றவை. பின்னர்க் கருங்கற் றிருப்பணி வேண்டியபோது தமிழகத்துச் சிற்பிகளை நாம் நாட வேண்டியதாயிற்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள், தம் தந்தையார் கொழும்பிலே தாபித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கியபோதும் அவ்வாறே தென்னிந்தியச் சிற்பிகள் வரவழைக்கப்பட்டனர்.

தமிழகத்திலே சங்கிலி அறவில்லை, மெலிந்தது. அந்த மெலிவு காலத்தில் அதனைப் பற்றி எழுத முன்வந்தவர்களுள் முதல்வர் தஞ்சையிலே பிறந்த இராம் ராசு என்பவர். பெங்களூரிலே நீதிபதியாக விளங்கிய இவர், சிதைந்து கிடந்த சிற்ப நூலேடுகளைத் தேடி, அவற்றின் கலைச்சொற்களைத் தொழில் தெரிந்த சிற்பிகளின் துணைகொண்டு பொருளறிந்து, ஆங்கிலத்தில் ஒரு நூல் வரைந்தார். அவர் மறைந்த பின்னர் 1834ஆம் ஆண்டில் இலண்டனிலே அஃது அச்சேறியது. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் என்பவரும் இவ்வாறே செய்தார். கோயில் கட்டிக்கொண்டிருந்த தமிழ்ச் சிற்பிகளிடம் சென்று ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டறிந்து, 1914ஆம் ஆண்டிலே தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய தமது நூலை வெளியிட்டார். நீதிபதியும் பேராசிரியரும் சிற்பியின் முன்னே மாணாக்கராக அமர்ந்தனர் என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

கல்லைப் படிக்கும் முறை

துப்ரேய் அவர்கள் கண்ட முறை மிக எளிது. நம் மாணாக்கர்க்கு ஒரு நாளிலே கற்பிக்கத்தக்கது. கோயிற் றூணின் உச்சியிலே, உத்தரத்தைத் தாங்கும் உறுப்புக்குப் போதிகை என்று பெயர். பார்ப்பவர் கண்ணிற் படாத இச்சிறு உறுப்பே காலத்தைக் காட்டும் கடிகாரம். பல்லவர் காலத்துப் போதிகை வளைந்த முனையுடையது; அலை அலையான வரிகள் அதிலே அமைந்திருக்கும். சோழர் காலத்திலே அவ்வளைவு நேராகி, சரிவாக வெட்டியது போன்ற முகம் பெற்றது. பின்னர் அச்சரிவின் நடுவே ஒரு துண்டு முன்னே நீண்டது. விசயநகர காலத்திலே அம்முனை கீழ்நோக்கித் தொங்கும் தாமரை மொட்டாயிற்று. நாயக்கர் காலத்திலே அது மேலும் விரிந்து வாழைப்பூப் போலத் தொங்கியது. விமானத்திலுள்ள கூடு என்னும் உறுப்பும் அத்தகையதே. பல்லவர் காலத்தில் அதன் தலை மண்வாரி போன்ற வடிவினது. சோழர் காலத்தில் அங்கே சிங்கமுகம் வந்து அமர்ந்தது.

கல்வெட்டு வாசிக்கப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். போதிகையை வாசிக்க இரண்டு கண்களும் ஒரு நல்ல ஆசிரியரும் போதும். இம்முறையைக் கற்ற மாணாக்கன் எக்கோயிலுக்குச் சென்றாலும் கும்பிட்டு முடித்தபின் ஒருமுறை மேலே நிமிர்ந்து பார்ப்பான். அவ்வாறு நிமிர்ந்து பார்ப்பவனே பிற்காலத்தில் அக்கோயிலைக் காப்பான்.

நம் நாட்டிலே இதற்குப் பொலநறுவையைக் காட்டிலும் சிறந்த வகுப்பறை இல்லை. அங்கே இரண்டாம் சிவதேவாலயம் என இலக்கமிடப்பட்டிருப்பது, இராசேந்திர சோழனின் தாயாரான வானவன் மாதேவியின் பெயரால் எழுந்த வானவன் மாதேவி ஈச்சரம். முற்றுங் கல்லாலானது, சிகரம் வரை சிதையாது நிற்பது. அதற்கு அணித்தாகவன்றிச் சற்று அப்பால், முதலாம் சிவதேவாலயம் என்னும் மற்றொன்று உள்ளது. அது பிற்பட்டது, பாண்டியர் பாணிக்குரியது என ஆய்வாளர் கொள்வர். ஒரே நாளில் இரண்டையும் சுற்றி, அரைத்தூண்களையும் போதிகைகளையும் கூடுகளையும் கொப்பியிலே வரைந்து ஒப்பு நோக்கிய மாணாக்கனுக்கு, இரு நூற்றாண்டுகளின் வேறுபாடு புத்தகமின்றியே விளங்கிவிடும்.

மாதோட்டத்திலே தாழிகுமரன் என்னும் சோழ நாட்டவர் இராசராசேச்சரம் என்றொரு கோயில் எடுப்பித்தார். அதனைச் சொல்லும் கல்வெட்டு உண்டு, கோயில் இல்லை. பொலநறுவையிலே கோயில் உண்டு. அதனைக் கட்டிய சிற்பாசாரியர் பெயர் இல்லை. ஓரிடத்திற் பெயர் தப்பியது, மற்றோரிடத்திற் கல் தப்பியது. இரண்டும் ஒருங்கே தப்ப வேண்டுமாயின் எழுதி வைப்போரும் பார்த்து வைப்போரும் வேண்டும்.

மாமல்லபுரத்துக் கல்லூரி

மெலிந்த சங்கிலியை மீண்டும் பொருத்தும் முயற்சி 1957ஆம் ஆண்டிலே மாமல்லபுரத்தில் நிகழ்ந்தது. பல்லவச் சிற்பிகளின் உளியோசை ஒரு காலத்தில் முழங்கிய அவ்வூரிலே, சென்னை அரசு கட்டடக்கலைக்கும் சிற்பக்கலைக்கும் ஒரு பயிற்சி நிலையத்தை நிறுவியது. பிள்ளையார்பட்டி வைத்தியநாத ஸ்தபதி அவர்கள் அதன் முதற் தலைவர். அவருக்குப்பின் அவர் மைந்தர் கணபதி ஸ்தபதி அவர்கள் பல்லாண்டு அதனை நடத்தினார். 1927ஆம் ஆண்டிற் பிறந்த இவர் கணிதம் கற்ற பட்டதாரி. தந்தையிடம் உளியும் கற்றவர். பட்டடைக் கல்வியும் கல்லூரிக் கல்வியும் ஒருவரிடமே கூடியபோது விளைந்த பயன் பெரிது. குலத்தின் வேலிக்குள் இருந்த கலை வகுப்பறைக்கு வந்தது. ஏட்டுச் சுலோகம் வரைபடத்தோடு சேர்ந்தது. எக்குடியிற் பிறந்தவரும் சேர்ந்து கற்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று.

குமரி முனைக் கடற்பாறையிலே 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிற் றிறந்து வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை கணபதி ஸ்தபதியின் ஆக்கம். 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்க, அதன்மேல் 95 அடிச் சிலை நின்று, மொத்தம் 133 அடியாய் நூலின் அதிகாரத் தொகையைச் சொல்லுகின்றது. 2004ஆம் ஆண்டிலே கடல் பொங்கியபோதும் அஃது அசையாது நின்றதை உலகம் கண்டது.

அவர் வரைந்த மற்றொரு கோயிலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நெருங்கிய உறவுண்டு. அமெரிக்காவிற் பிறந்து, 1949ஆம் ஆண்டிலே நல்லூர் யோகர் சுவாமிகளைத் தரிசித்து அவர் அருள் பெற்ற சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயிலே இறைவன் கோயிலை எழுப்பத் தொடங்கினார். கணபதி ஸ்தபதியின் திட்டப்படி, இயந்திர உளியின்றிக் கைவேலையாகவே கருங்கற்கள் பெங்களூரிலே செதுக்கப்பட்டன. 1990ஆம் ஆண்டிலே தொடங்கிய செதுக்கு வேலையின் பயனாக 2023ஆம் ஆண்டிற் குடமுழுக்கு நடந்தேறியது. சுவாமிகள் 2001ஆம் ஆண்டிலும் ஸ்தபதி 2011ஆம் ஆண்டிலும் மறைந்தனர். ஆயினும் வேலை நிற்கவில்லை. ஏன்? நூல் பிடிக்கக் கற்றோர் பின்னே இருந்தனர். தஞ்சைக் கரணங்களின் வெற்றுக் கற்களையும் இக்கோயிலையும் ஒருங்கு நினைப்போர்க்கு, கற்பித்தலின் பெருமை வேறு விளக்கமின்றியே புலப்படும்.

நம் முன்னுள்ள இடர்

இவ்வளவும் பழங்கதைக்காகச் சொன்னதன்று. போரின் அழிவுக்குப் பின்னே வடக்கிலும் கிழக்கிலும் கோயில்கள் தோறும் திருப்பணி நிகழ்கின்றது. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயின் திருப்பணி என்ற பெயரால் பழைய சுண்ணக்கற் சுவர்களும், மரத்தாலான வேலைப்பாடுகளும், எழுத்துப் பொறித்த கற்களும் ஆராய்வாரின்றி அகற்றப்படுவதைக் காண்கின்றோம். நல்ல சுண்ணாம்புக் காரைமேற் சீமெந்து பூசப்படுகின்றது. உறுப்புக்களின் நுட்பம் வண்ணப் பூச்சின் கீழே மறைகின்றது. இதனைச் செய்வோர் பக்தியிற் குறைந்தவரல்லர். பார்க்கக் கற்பிக்கப்படாதவர்கள், அவ்வளவே. காலத்தைச் சொல்லும் கல் எது, வெறுங்கல் எது என்று அறியாதவனுக்கு இரண்டும் ஒன்றே.

கோயில் மாத்திரமன்று. யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் 1981ஆம் ஆண்டிலே எரியூட்டப்பட்டதை அறியாதவர் நம்மிடையே இல்லை. அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000 என்று சொல்லப்படுவதையும் அறிவோம். 1959ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற அக்கட்டடத்தை வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? எரித்த துயரை நினைவிற் கொள்ளும் நாம், வரைந்த கையையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டாமோ? அழிவை மட்டும் கற்கும் பிள்ளை துயரை மட்டுமே அறியும். ஆக்கத்தையும் கற்பிப்போமாயின் மீண்டும் ஆக்கும் ஆற்றலை அது பெறும்.

செய்யத்தக்கன

ஆதலின் சங்கத்து இளைஞர்க்கும் பெரியோர்க்கும் சில சொல்ல விழைகின்றோம். இவற்றிற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

முதலாவது, திசை காணும் பயிற்சி. சமமான மண் தரையிலே ஒரு கோலைச் செங்குத்தாக நாட்டி, அதனை நடுவாக வைத்து நூலால் ஒரு வட்டம் இடுக. காலையிலே கோலின் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்திற் குறியிடுக. பிற்பகலிலே மறுபுறம் தொடும் இடத்திலும் குறியிடுக. இரு குறிகளையும் இணைக்கும் கோடே கிழக்கு மேற்கு. அக்குறிகள் இரண்டையும் நடுவாக வைத்து இரு வட்டங்கள் வரைந்தால் இடையே மீன் போன்ற வடிவம் தோன்றும்; அதன் தலையையும் வாலையும் இணைத்தால் வடக்கு தெற்கு. நம் சிற்பாசாரியர் கோயிலுக்குத் திசை கண்ட முறை இதுவே. கேத்திர கணிதம் எதற்கு என்று கேட்கும் மாணவனை இப்பயிற்சியிலே நிறுத்தினால் அவன் பின்னர் அக்கேள்வியைக் கேளான்.

இரண்டாவது, ஒவ்வோர் ஊரிலும் இளைஞர் தத்தம் கோயிலின் திட்டப்படத்தை அளந்து வரைதல். ஒருவர் நூல் பிடிக்க, ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் வரைய, நால்வர் போதும். அதிட்டானம் முதல் ஸ்தூபி ஈறாக ஆறங்கங்களுக்கும் பெயரிடுக. திருப்பணி தொடங்குமுன் ஒவ்வொரு சுவரையும் தூணையும் நிழற்படம் எடுத்து வைக்குக. எழுத்துடைய கல் எது காணினும் அதனை அசைக்காமல் தொல்பொருட் டிணைக்களத்துக்கும் பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறைக்கும் அறிவிக்குக.

மூன்றாவது, வேலை செய்வோரிடம் கேட்டறிதல். எம்மூர் மேசன்மாரும் தச்சரும் தமிழகத்திலிருந்து வரும் சிற்பாசாரியாரும் கோயில் வீதியிலே வேலை செய்யும்போது, தூக்குக்குண்டும் மூலைமட்டமும் பிடிக்கும் அக்கைகளுக்கு அருகே சென்று அமர்க. அவர்கள் வழங்கும் சொற்களை எழுதிக் கொள்க. நீதிபதி இராம் ராசும் பேராசிரியர் துப்ரேயும் அமர்ந்த இடத்தில் நாம் அமர்வது நமக்கு இழிவன்று.

பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். குடமுழுக்கு மலரிலே உபயகாரர் பெயரைப் பொன்னெழுத்திற் பொறிக்கின்றோம், அது முறையே. அதே பக்கத்திலே ஸ்தபதியின் பெயரையும், அவர்கீழ் வேலை செய்த ஒவ்வொருவர் பெயரையும், ஊரையும், ஆண்டையும் பொறிப்பீர்களாக. கோயிற் சுவரிலே ஒரு சிறு கல்லிலும் அதனை வெட்டுவிப்பீர்களாக. இராசராசன் தன் பெருந்தச்சனுக்கு அளித்த மதிப்பை நாமும் அளிப்பதற்குப் பேரரசு வேண்டியதில்லை. மனம் இருந்தாற் போதும்.

நம் பிள்ளைகளுட் சிலர் நாளை மொறட்டுவையிலும் பிறநாடுகளிலும் கட்டடக்கலை கற்று வருவர். வேறு சிலர் உளியும் மட்டமும் பிடிப்பர். மற்றுஞ் சிலர் கோயிற் றர்மகர்த்தாக்களாய் இருந்து எதை இடிப்பது, எதை வைத்திருப்பது என்று தீர்மானிப்பர். மூவருக்கும் வேண்டிய கல்வி ஒன்றே. கல்லைப் பார்க்கும் கண்ணையும், கட்டியவரை மதிக்கும் உள்ளத்தையும் இளமையிலேயே அவர்களுக்கு அளிப்போமாக.